மெகாபிக்சலை விடுங்கள், ஸ்கேலை எடுங்கள்

கேமரா வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். கடைக்காரரும் அதற்குத்தான் பதிலைத் தயாராக வைத்திருப்பார். கல்யாண மேடையையோ கோபுரத்தையோ எடுப்பவருக்கு அந்தக் கேள்வி ஓரளவு உதவும். பட்டுச் சேலையின் கரையில் ஓடும் ஒற்றை ஜரிகை இழையைத் திரை நிறைய, பிசிறில்லாமல் எடுக்க நினைப்பவருக்கு அநேகமாக உதவாது. கிட்டப்போய் எடுக்கும் படத்தின் கூர்மையை முடிவு செய்கிற சங்கதிகள் வேறு. அவற்றில் பாதி கேமரா பெட்டியின்மேல் அச்சடிக்கப்படுவதே இல்லை.

காஞ்சிபுரம் நகரை ஒட்டி, உத்திரமேரூர் சாலையில் பாலாற்றுப் பக்கம் இருக்கிற ஊர் ஓரிக்கை. கிட்டப்போய் எடுக்க வேண்டிய பொருளுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே கிடையாது. நகரத்துப் பக்கம் திரும்பினால் தறி. ஆற்றைத் தாண்டினால் நெல் வயல். அதே சாலையில் 30 கிலோமீட்டருக்குள் உத்திரமேரூர், அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. சேலை அசையாது, ஆனால் மின்னும். பூச்சி அசையும், கிட்டப் போனால் ஓடும். கல்வெட்டு அசையவும் செய்யாது, மின்னவும் செய்யாது. ஆனால் வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழுந்தால் எழுத்தே தெரியாது. மூன்றுக்கும் ஒரே கேமரா பொருந்தும் என்று யாராவது சொன்னால் அவர் விற்பனைப் பிரதிநிதியாகத்தான் இருக்க வேண்டும்.

சின்ன டிஜிட்டல் கேமராக்களில் கிட்டத்துப் படத்துக்கென்று ஒரு சிறிய பூ அடையாளம் இருக்கும். அதைத் தட்டினால் லென்ஸ் மிக அருகில் குவியும். விளம்பரத்தில் "1 செ.மீ. வரை மேக்ரோ" என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை, பாதி உண்மை. பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் அந்த 1 செ.மீ. என்பது ஜூமை இழுக்காமல் இருக்கும்போது, அதாவது அகலக் கோணத்தில் மட்டுமே. ஜூமைக் கொஞ்சம் இழுத்ததும் அந்தத் தூரம் 20, 30, 50 செ.மீ. என்று எகிறிவிடும். சோனியின் முதல் ஆர்எக்ஸ்100 அகலக் கோணத்தில் 5 செ.மீ. வரை நெருங்கும், ஜூமின் மறுமுனையில் 55 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு அது அருமையான கேமரா. எறும்பு எடுக்க அல்ல.

அதனால் தூரத்தைக் கேட்காமல் அகலத்தைக் கேட்க வேண்டும். இந்தக் கேமரா மிகமிகக் கிட்டப் போகும்போது படத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை எத்தனை மில்லிமீட்டர் அடங்கும்? இதுதான் சரியான கேள்வி. பதில் கண்டுபிடிக்கக் கடைக்குப் போகும்போது பள்ளிப் பிள்ளைகளின் 15 செ.மீ. ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். ஸ்கேலைக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் பார்த்து, படத்தில் விழுந்த கோடுகளை எண்ணுங்கள். ஜூமின் இந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. 80 மி.மீ. விழுந்தால் அது செம்பருத்திப் பூவுக்கான கேமரா. 25 மி.மீ. விழுந்தால் தேனீக்கு ஆகும். 10 மி.மீட்டருக்குக் கீழே போனால் ஜரிகை இழையை எண்ணலாம். எண்ணும்போது டிஜிட்டல் ஜூம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, புதிதாக ஒரு நூலையும் காட்டாது.

ஜரிகையிலேயே கொஞ்சம் நிற்கலாம். அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்கப்பூச்சு ஏற்றியது. பல வருடம் கட்டி மடித்த சேலையில் மடிப்பு விழுந்த இடங்களில் கம்பி விலகி உள்ளிருக்கும் சிவப்பு எட்டிப்பார்க்கும். வெறும் கண்ணுக்கு அது பழுப்பேறிய கோடு. 24 மி.மீ. அகலத்தைப் படத்தில் நிறைத்தால் கம்பி தனியாக, நூல் தனியாகப் பிரிந்து தெரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து சேர்க்கும் கோர்வைச் சேலையில், இரண்டு நிற ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தைப் பின்பக்கமாகத் திருப்பி எடுத்துப் பாருங்கள். நெசவாளியின் கை எங்கே இறுக்கியது, எங்கே தளர்ந்தது என்பதுகூடத் தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: படத்தை வைத்து வெள்ளி எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குப் பரிசோதனைதான் வழி.

இப்படி 24 மி.மீ. அகலத்தில் எடுக்கும்போது முதலில் கழுத்தைப் பிடிப்பது ஆழம். லென்ஸ் ஒரே ஒரு தளத்தைத்தான் முழுக்கூர்மையாகக் குவிக்கும். அதற்கு முன்னும் பின்னும் கண் பொறுத்துக்கொள்ளும் அளவில் ஒரு சிறு அடுக்கு உண்டு. தூரத்துக் கோபுரத்தை எடுக்கும்போது அந்த அடுக்கு பல மீட்டர் கனம். கிட்டத்தில் அது மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிடும். காம்பாக்ட் கேமராக்களில் சாதாரணமாக இருக்கும் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம் கொண்டது. அதில் லென்ஸின் துளையை எஃப் 2.8 அளவில் வைத்து 24 மி.மீ. காட்சியை நிறைத்தால் கூர்மையாகத் தெரியும் அடுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 36 மி.மீ. அகலச் சென்சார் கொண்ட பெரிய கேமராவில் அதே துளையில் அதே காட்சியை எடுத்தால் அந்த அடுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும்.

பெரிய கேமராதான் எதிலும் உசத்தி என்ற நினைப்பு தடுமாறும் இடம் இது. பெரிய கேமராவிலும் அரை மில்லிமீட்டர் ஆழம் வேண்டுமானால் துளையை எஃப் 8 வரை சுருக்க வேண்டும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). அப்போது உள்ளே வரும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். தறிக்கூடத்தின் அரையிருட்டில் அந்த எட்டு மடங்கை எங்கே போய்த் தேடுவது? முக்காலி, ஃபிளாஷ் என்று சாமான் சேரும். சாமானைச் சுமக்கத் தயாரானவருக்குப் பெரிய சென்சார் சுத்தமான, புள்ளி விழாத படம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் பிடித்தபடி, கிடைத்த வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுப்பதற்குச் சின்னச் சென்சார் ஒரு குறையே அல்ல. கிட்டத்துப் படத்துக்குக் காம்பாக்ட் கேமரா ஏற்றதாக இருப்பதற்கு அதன் விலை மட்டும் காரணமில்லை. இந்தக் கணக்கும் காரணம்.

அப்படியானால் சின்னச் சென்சாரிலும் துளையைச் சுருக்கி இன்னும் ஆழம் சேர்க்கலாமே என்று தோன்றும். அங்கே ஒளியே குறுக்கே நிற்கிறது. குறுகலான மடை வழியாகப் பாயும் தண்ணீர் வெளியே வந்ததும் விசிறி போலப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளியலையும் சின்னத் துளையைக் கடந்ததும் அப்படித்தான் பரவுகிறது. அதனால் ஒரு புள்ளி, சென்சாரில் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாக விழும். பச்சை ஒளிக்கு எஃப் 2.8 துளையில் அந்த வட்டத்தின் விட்டம் 4 மைக்ரானை நெருங்கும். எஃப் 8இல் 11 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மெகாபிக்சல் கொண்ட சின்னச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே சுமார் 1.5 மைக்ரான்தான். அதாவது நல்ல துளையிலேயே ஒரு புள்ளி இரண்டு மூன்று பிக்சலுக்குப் பரவிவிடுகிறது. எஃப் 8க்குப் போனால் ஏழு பிக்சல்.

மெகாபிக்சல் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. அதே சென்சாரில் 12க்குப் பதில் 24 மெகாபிக்சலைத் திணித்தால், அதே மங்கலான வட்டத்தை இன்னும் பொடியாக வெட்டி எண்ணுகிறோம், அவ்வளவுதான். சேலைக்குத் திரும்பி இதைப் பார்க்கலாம். பட்டுப்புழு நூற்ற தனி இழையின் கனம் 10 முதல் 15 மைக்ரான். 24 மி.மீ. காட்சியில் ஒரு பிக்சல் 6 மைக்ரானைப் பிடிக்கும் என்பதால், கணக்குப்படி அந்த இழை தெரிய வேண்டும். ஆனால் ஒளி பரவுவதால் விழும் மங்கல், சேலைமேல் அளந்தால், 18 மைக்ரான் அகலத்துக்கு வருகிறது. இழை இருக்கிறது என்று தெரியும். அதன் உருவம் தெரியாது. மெகாபிக்சலைக் கூட்டி இந்தச் சுவரைத் தாண்ட முடியாது. காட்சியின் அகலத்தைக் குறைத்து, இன்னும் கிட்டப் போனால்தான் தாண்டலாம். சில மலிவுக் கேமராக்களில் எஃப் எண்ணை மாற்றினால் துளையே சுருங்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன். கறுப்புக் கண்ணாடி ஒன்று உள்ளே குறுக்கே வந்து வெளிச்சத்தைக் குறைக்கும். ஆழம் கூடவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

வயலுக்குப் போனால் பிரச்சினையின் முகமே வேறு. நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் புகையான் இருக்கிறதே, அது 3 முதல் 4.5 மி.மீ. நீளம். இலைமேல் உட்காராது. பயிரின் தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்து சாயும்போதுதான் பலருக்குத் தெரியவரும். இப்போது விவசாயிகள் பூச்சியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வேளாண் அலுவலருக்கு அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் வருகிற படத்தில் பாதி பச்சை மங்கலும் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியும்தான். புகையான் குடும்பத்துப் பூச்சியின் பின்னங்காலில், கணுக்கால் தொடங்கும் இடத்தில், அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருக்கும். அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய தத்துப்பூச்சிக்கு அந்த முள் கிடையாது. அதன் பின்னங்கால் நெடுகச் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே புகையானின் முட்டைகளைத் தின்னும் மெல்லிய பச்சை நாவாய்ப்பூச்சியும் சுற்றிக்கொண்டிருக்கும். அது நமக்கு நண்பன். ஆள் தெரியாமல் மருந்தடித்தால் நாவாய்ப்பூச்சியும் சிலந்தியும் செத்து, புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். ஆசிய நெல் வயல்களில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம் இது. அந்த ஒரு முள் தெரிகிற படம் ஒரு தெளிப்புச் செலவை மிச்சப்படுத்தும்.

இந்த வேலைக்கென்றே அமைந்தது போல ஒரு ரகம் உண்டு: தண்ணீர் புகாத சின்னக் கேமராக்கள். ஒலிம்பஸ் டஃப் வரிசையில் 2019இல் வந்த டிஜி-6, 2023இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 இரண்டிலும் மைக்ராஸ்கோப் என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் ஜூம் முழுக்க இழுத்த பிறகும் 1 செ.மீ. வரை நெருங்கலாம். நான் முன்னால் குறை சொன்ன பாதி உண்மை இங்கே முழு உண்மையாகிறது. குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, கூர்மையான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாகத் தரும் வசதியும் கேமராவுக்குள்ளேயே உண்டு. அந்த அரை மில்லிமீட்டர் அடுக்கைத் தாண்ட இது ஒரு வழி, பொருள் அசையாமல் இருக்கும்வரை. காற்றடிக்கும் வயலில் இதை நம்ப வேண்டாம். ரிக்கோவின் டபிள்யூஜி வரிசையில் லென்ஸைச் சுற்றியே குட்டி எல்இடி விளக்குகள் பதித்திருக்கிறார்கள். 1 செ.மீ. தூரத்தில் கேமராவின் சொந்த நிழலே பூச்சிமேல் விழுந்துவிடும் என்பதால் அது அலங்காரமல்ல. சேற்றில் விழுந்தால் வாய்க்காலில் அலசி எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்த ரகத்தின் கூடுதல் புண்ணியம்.

ஆனால் 1 செ.மீ. நெருங்கினால் எல்லாப் பூச்சியும் பொறுமையாக உட்காருமா? புகையான் தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். தட்டான் பறந்தே விடும். அதற்கு வேறொரு வழி: நீண்ட ஜூம் உள்ள சாதாரணக் கேமராவின் முன்னால் ஒரு உருப்பெருக்கி லென்ஸை மாட்டுவது. இதன் கணக்கு எளிது. அந்த லென்ஸின் திறன் 8 டயாப்டர் என்றால், 1000 மில்லிமீட்டரை 8 ஆல் வகுத்தால் 125. கேமராவைத் தொலைதூரத்தில் குவித்துவைத்தால் லென்ஸுக்கு முன்னே 125 மி.மீ. தூரத்தில் உள்ள பொருள் கூர்மையாகத் தெரியும். எந்தக் கேமராவாக இருந்தாலும் இதுதான். ஜூமை இழுக்க இழுக்கத் தூரம் மாறாது, உருவம் மட்டும் பெரிதாகும். சின்னச் சென்சார் கேமராவில் லென்ஸின் நிஜக் குவியத் தூரம் 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், காட்சியின் அகலம் 13 மி.மீ. வரும். 12 செ.மீ. தள்ளி நின்றபடியே ஒரு ஈயைப் படம் நிறைய எடுத்துவிடலாம். ரேனாக்ஸ் டிசிஆர்-250 இந்த 8 டயாப்டர் ரகம்; கிளிப் மாதிரி மாட்டிக் கழற்றலாம். ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவு லென்ஸை வாங்கினால் ஓரங்களில் ஊதா, பச்சை விளிம்பு கட்டும். வெவ்வேறு கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது. என்னைக் கேட்டால், வண்ணத்துப்பூச்சி, தட்டான் பைத்தியம் உள்ளவர்கள் புதுக் கேமரா தேடுவதற்கு முன் வீட்டில் தூங்கும் ஜூம் கேமராவுக்கு இப்படி ஒரு லென்ஸ் வாங்கிப் பார்க்கலாம்.

கை நடுக்கம் பற்றி இரண்டே வார்த்தை. கேமராவுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு, கேமரா சாய்வதைத்தான் பெரும்பாலும் திருத்துகிறது. கிட்டத்துப் படத்தைக் கெடுப்பதோ நம் உடல் முன்னும் பின்னும் ஆடுவது. அதை எந்த இயந்திரமும் பிடிக்காது. குவியத்தைப் பூட்டிவிட்டு, மெல்ல முன்னால் சாய்ந்தபடி தொடர்ச்சியாகப் பத்துப் படம் தட்டினால் ஒன்றிரண்டு சிக்கும். ஆகவே குவியத்தைப் பூட்டும் வசதியும், எந்தப் புள்ளியில் குவிய வேண்டும் என்று நாமே சொல்லும் வசதியும் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

வெளிச்சம்தான் மீதிக் கதை. சேலையின் ஜரிகை உலோகம். லென்ஸைச் சுற்றி எரியும் வட்ட விளக்கில் அது வெளிச்சத்தை நேராகத் திருப்பியடித்து வெள்ளைத் திட்டாகிவிடும். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி இங்கே கைகொடுக்காது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் அந்த வடிகட்டிக்கு அடங்குவதில்லை. பரந்த, மென்மையான வெளிச்சம்தான் மருந்து. ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, சேலையைத் தட்டையாக விரித்து, கேமராவை அதற்கு இணையாகப் பிடித்தால் போதும். இணையாகப் பிடிப்பது முக்கியம். கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த அரை மில்லிமீட்டர் அடுக்கிலிருந்து ஒரு ஓரம் நழுவிவிடும்.

கல்வெட்டுக்கு இதற்கு நேர் எதிர். உத்திரமேரூர்ச் சுவரில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய எழுத்துகள், குடவோலை முறையில் சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்று பேசுகின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் வெயிலும் மழையும் தேய்த்த கல். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் பள்ளமும் மேடும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு போவது போலப் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தேங்கும். ஒரு சின்ன டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்தில் பிடியுங்கள். பிறகு மேலிருந்து பிடித்து இன்னொன்று எடுங்கள். குறுக்குக் கோட்டையும் நெடுக்குக் கோட்டையும் ஒரே திசை வெளிச்சம் சமமாகக் காட்டாது. விலை உயர்ந்த கேமராவும் நேர் வெளிச்சமும் சேர்ந்து தராத படத்தை, பத்து வருடப் பழைய கேமராவும் டார்ச்சும் தந்துவிடும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், முக்காலி வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்பாக்ட் கேமராவின் வியாபாரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2010இல் உலகம் முழுக்க ஆண்டுக்கு 10 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்டது, 2023இல் 20 லட்சத்தைத் தொடவில்லை. செல்பேசி விழுங்கிவிட்டது. செல்பேசியிலும் கிட்டத்துப் படம் உண்டு. 2021இல் வந்த ஐபோன் 13 புரோ 2 செ.மீ. வரை நெருங்கியது. ஆனால் மலிவு செல்பேசிகளின் முதுகில் "2 மெகாபிக்சல் மேக்ரோ" என்று ஒட்டியிருக்கும் மூன்றாவது கண் பெரும்பாலும் எண்ணிக்கைக்காக வைத்தது. உங்கள் செல்பேசியையும் அதே ஸ்கேல் சோதனைக்கு உட்படுத்துங்கள். 30 மி.மீட்டரைக் கூர்மையாகக் காட்டினால், சேலைக்கும் பூவுக்கும் தனிக் கேமரா தேவையில்லை.

வியாபாரம் படுத்ததில் ஒரு லாபம், பழைய கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பழையது வாங்கும்போது அச்சடித்த செய்தித்தாளை மேஜையில் விரித்து, மேலிருந்து நேராக, பூ அடையாளத்தில் ஒரு படம் எடுங்கள். நான்கு மூலை எழுத்தும் ஒரே மாதிரி மங்கினால் அது லென்ஸின் குணம். ஒரு மூலை மட்டும் அதிகமாக மங்கினால் எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்த கேமரா என்று சந்தேகப்படலாம். ஆனால் உங்கள் கை சாய்ந்திருந்தாலும் அப்படியே தெரியும். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மங்கல் படத்தின் அதே மூலையிலேயே இருந்தால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக ஒன்று: வாட்ஸ்அப்பில் பூச்சிப் படம் அனுப்புகிறவர்கள் அதைப் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பின்னங்கால் முள் அந்தச் சுருக்கலிலேயே போய்விடும்.